உஷார்! பிள்ளையை ‘மாற்றித் தருகிறோம்’ என்று வருகிறவர்கள்

குமரி மாவட்டத்துப் பெற்றோருக்கு அவசரமாக ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் மகன் தனக்கு ஆண்கள் மேல்தான் ஈர்ப்பு என்று வீட்டில் சொல்லியிருக்கலாம். உங்கள் மகள் கூடப் படிக்கிற பெண்ணைத்தான் விரும்புகிறேன் என்று அழுதிருக்கலாம். அவர்கள் சொல்லாமலே நீங்கள் போனைத் திறந்து பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கலாம். எப்படித் தெரிந்திருந்தாலும், அடுத்த சில நாட்களுக்குள் யாராவது ஒருவர் உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பார். “கவலப்படாதிங்க அக்கா, ஒரு பிரதர் இருக்காரு. பிள்ளைய கொண்டு விடுங்க. ஏழு நாளு உபவாசத்துல எல்லாம் விட்டுப் போவும்” என்பார். நல்ல மனதோடுதான் சொல்வார். உங்களுக்கும் அந்த நேரத்தில் அதுதான் பற்றுக்கோடாகத் தெரியும்.

கொண்டு விடாதீர்கள்.

அந்த இடத்துக்குப் பல பெயர்கள் உண்டு. ஒரு வீட்டாருக்கு அது உபவாச ஜெபவீடு, இன்னொருவருக்கு குணமளிக்கும் தியானம். வேறொருவருக்கு மந்திரவாதம் பார்க்கிறவர் வீடு, தோஷம் கழிக்கிற ஜோசியர், தாயத்து. சிலர் நேராக போதை மறுவாழ்வு மையத்துக்கே வண்டியைத் திருப்புகிறார்கள், பிள்ளை ஒரு பீடிகூடத் தொட்டிருக்க மாட்டான். சாமி வேறு, சடங்கு வேறு. ஆனால் வாக்குறுதி ஒன்றே: இந்த ஈர்ப்பை எடுத்துப் போட்டுவிடுவோம். உலகத்தில் எவராலும் நிறைவேற்றிக் காட்ட முடியாத வாக்குறுதி அது.

தூரத்துக் கதை என்று நினைத்துவிட வேண்டாம். களியக்காவிளை தாண்டினால் கேரளம். அங்கே ஒரு கல்லூரி மாணவி, தான் ஆண், பெண் இருவரிடமும் ஈர்ப்புள்ளவள் என்று சொன்னதற்காக வீட்டார் தன்னை மையங்களில் அடைத்து மருந்து ஏற்றியதாக 2020-ல் தன் முகநூல் காணொளியில் சொன்னாள். வயது 21. அதே ஆண்டு மே மாதம் கோவாவில் அவள் உயிரிழந்து கிடந்தாள். அவளைப் பெற்றவர்களும் பிள்ளையைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் அதைச் செய்திருப்பார்கள்.

நம் மாநிலத்திலும் ஒரு வழக்கு. வேலூர் மாவட்டத்தைச் சேர்ந்த 25 வயதுப் பெண் ஒருத்தியை வீட்டார் பிடித்து வைத்திருப்பதாக அவளுடைய துணை ஆட்கொணர்வு மனு போட்டார். 2025 மே 22 அன்று சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன் அமர்வு தீர்ப்புச் சொன்னது. அந்தப் பெண் நீதிபதிகளிடம் நேரில் சொன்னவை தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கின்றன: வலுக்கட்டாயமாக வீட்டுக்குக் கொண்டுபோனார்கள், அடித்தார்கள், ‘நார்மல்’ ஆவதற்காகச் சில சடங்குகளைச் செய்ய வைத்தார்கள். அவளைக் காப்பாற்ற வேண்டிய போலீசாரே வீட்டாரோடு போகச் சொல்லியிருக்கிறார்கள். நீதிமன்றம் அவளை அவள் விரும்பிய இடத்துக்கு அனுப்பியது, வீட்டார் குறுக்கிடக் கூடாது என்றது, காவல்துறை கேட்கும்போதெல்லாம் பாதுகாப்புத் தர வேண்டும் என்றது. அந்தப் பெண்ணுடைய அம்மாவின் வேதனையையும் நீதிபதிகள் கேட்டுக்கொண்டார்கள். தன்பால் ஈர்ப்புள்ள மகனுக்காக ஊரறிய எழுதிய முன்னாள் தலைமை நீதிபதி லீலா சேத்தைப் போல எல்லாத் தாய்மாரும் இருந்துவிட முடியாது என்பதையும் அவர்கள் உணர்ந்தே எழுதியிருக்கிறார்கள்.

இனி நம் ஊரில் இது தொடங்கும் விதத்தைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அடியில் தொடங்குவதில்லை, ஒரு துண்டுச் சீட்டில் தொடங்குகிறது. ஜெபக் குறிப்பு எழுதிப் போடுகிற சீட்டு. தாய் கைநடுங்க எழுதுகிறாள்: “மகனுடைய தவறான எண்ணங்கள் மாற.” பெயர் போடவில்லை. ஆனால் அந்தக் கையெழுத்தைப் பெண்கள் ஐக்கியத்தில் அத்தனை பேருக்கும் தெரியும். அதை எடுத்து வாசிக்கிறவர், உருக்கத்தோடு இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்து வாசிக்கிறார். சாயங்காலம் ஜெபக்குழு வாட்ஸ்அப்பில் ‘விசேஷமாகப் பாரப்பட்டு ஜெபிக்கவும்’ என்று வருகிறது. கத்தோலிக்கர் என்றால் அன்பியக் கூட்டத்தில் பக்கத்து வீட்டுக்காரி தனியாகக் கூப்பிட்டு விசாரிக்கிறாள். ஒரு வாரத்துக்குள் சேகரம் முழுக்கத் தெரிந்துவிடுகிறது. அந்தப் பையன் அதுவரை யாரிடமும் சொல்லாமல் பொத்தி வைத்திருந்த ஒன்றை, அவனுக்காக உருகி அழுகிறவர்களே தெருவில் போட்டுவிட்டார்கள். அவர்களுக்கு அது துரோகமாகவே தெரியாது, ஜெபமாகத்தான் தெரியும்.

ஆகவே முதல் உஷார் இதுதான். பிள்ளை உங்களிடம் சொன்னது உங்களிடம் மட்டும் சொன்னது. ஐயரிடமோ பாஸ்டரிடமோ ஃபாதரிடமோ போய்ச் சொல்லுமுன் பிள்ளையைக் கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம். நீங்கள் முழங்காலில் நின்று கடவுளிடம் பேசுவதற்குச் சீட்டும் மைக்கும் தேவையில்லை.

அதையும் மீறி ஒரு இடத்துக்குப் போய்விட்டீர்களானால், சில பேச்சுகள் காதில் விழுந்த நிமிஷமே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். போனை வாங்கி வைக்கச் சொன்னால். பிள்ளையை விட்டுவிட்டு நீங்கள் போய்விடுங்கள், நாற்பது நாளைக்குப் பார்க்க வரக் கூடாது என்றால். இது விபச்சார ஆவி, அடித்தால்தான் இறங்கும் என்றால். சாப்பாட்டையும் தண்ணீரையும் நிறுத்தச் சொன்னால், ஏற்கெனவே டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொன்னால். மேடையேற்றி ‘சாட்சி’ சொல்ல வைப்போம், விடுதலை ஆகிவிட்டான் என்று ஊருக்கே தெரியட்டும் என்றால். அந்த மேடையில் சாட்சி சொன்ன பிள்ளை, மறுநாள் காலையில் அதே ஈர்ப்போடுதான் கண் விழிக்கும். இப்போது அதற்கு மேல் பொய் சொல்லிவிட்டோம், கடவுளிடமே பொய் சொல்லிவிட்டோம் என்ற பயமும் சேர்ந்துகொள்ளும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் நுழைகிற வாசல் அது.

பூட்டிய அறையும் பக்தியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று தமிழ்நாடு ஏற்கெனவே ஒரு தடவை பார்த்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்தவர்களை வைத்துப் பிழைத்த ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் 28 பேர் செத்தார்கள். அவர்கள் மனநோயாளிகள், இந்தப் பிள்ளைகளுக்கோ நோயே இல்லை. ஆனாலும் குடும்பங்கள் கொண்டுவிட்ட காரணம் ஒன்றுதான்: வீட்டில் வைத்துக்கொள்ள வெட்கம், சாமி பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை.

நோயே இல்லை என்று சொல்வது என் கருத்து மட்டும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973-லேயே தன்பால் ஈர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது. உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்று எடுத்தது. நம் நாட்டின் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், ஒருவர் தம் சமூகத்தின் ஒழுக்க, மத நம்பிக்கைகளுக்கு ஒத்துவரவில்லை என்பதற்காக அவரை மனநோயாளி என்று தீர்மானிக்கக் கூடாது என்கிறது. தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல், இந்த ஈர்ப்பை ‘மாற்றும்’ சிகிச்சை செய்வது மருத்துவரின் தொழில் ஒழுங்கீனம் என்று மாநில மருத்துவக் கவுன்சில்களுக்கு எழுதியது. ஆக, ஊசி போட்டு மாற்றுகிறேன், கரண்ட் வைத்து மாற்றுகிறேன் என்று ஒரு டாக்டர் சொன்னால், அவர் மேல் புகார் கொடுக்கலாம், அவருடைய பதிவே போகலாம்.

ஆணையத்தை அப்படி எழுத வைத்தது ஒரு தமிழ்நாட்டு வழக்கு. மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள் வீட்டுக்குப் பயந்து சென்னைக்கு ஓடினார்கள். பெற்றோர் காணவில்லை என்று புகார் கொடுத்தார்கள், போலீஸ் தேடியது. வழக்கு நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷிடம் வந்தது. அவர் அப்போது செய்ததுதான் நம் போதகர்களும் குருமார்களும் உற்றுப் பார்க்க வேண்டியது. எனக்கே இதில் முன்முடிவுகள் உண்டு, இதைப் புரிந்துகொள்ளாமல் நான் தீர்ப்பு எழுத முடியாது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, உளவியலாளர் வித்யா தினகரனிடம் தாமே போய் அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். பெண்களையும் பெற்றோர்களையும்கூட அவரிடம் அனுப்பினார். பெண்கள் தெளிவாக இருந்தார்கள். பெற்றோர் சொன்னது அறிக்கையில் இருக்கிறது: இன்னொரு பெண்ணோடு வாழ்வதைவிட, மகள் கடைசிவரை துணையில்லாமல் தனியாகவே இருந்தாலும் அது கௌரவம். அதை வாசிக்கும்போது நெஞ்சு அடைக்கிறது. பிள்ளைமேல் பாசமில்லாதவர்களா அவர்கள்? ஊரார் வாய்க்குப் பயந்தவர்கள்.

2021 ஜூன் 7 அன்று அந்த நீதிமன்றம், மருத்துவத்தின் பெயரால் இந்த ஈர்ப்பை மாற்ற முயல்வதைத் தடை செய்தது. வயது வந்த இருவர் மனமொத்துச் சேர்ந்திருந்தால், காணவில்லை என்ற புகாரை வாக்குமூலம் வாங்கிக்கொண்டு முடித்துவிட வேண்டும், அவர்களைத் துன்புறுத்தக் கூடாது என்று போலீசுக்குச் சொன்னது. அதன் தொடர்ச்சியாக 2022-ல் தமிழ்நாடு அரசு, இவர்களைத் துன்புறுத்துகிற காவலர் மீது நடவடிக்கை எடுக்கும்படி நடத்தை விதிகளில் 24-சி என்ற விதியையே சேர்த்தது.

இங்கே ஒரு ஓட்டை இருக்கிறது, அதுதான் என்னைத் தூங்கவிடாதது. தடைகள் டாக்டரை நோக்கிப் பேசுகின்றன. இந்த ஈர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் ஜெபவீட்டு பிரதரையும் மந்திரவாதியையும் பெயர் சொல்லிக் கட்டுப்படுத்தும் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. அவர்களுக்குப் பதிவும் இல்லை, பறிபோவதற்கு உரிமமும் இல்லை. அதனால்தான் டாக்டர் கைவிரித்த பிறகு பெற்றோர்கள் அங்கே போகிறார்கள். ஆனாலும் அடித்தால் அது அடிதான். வயது வந்தவரை அறையில் பூட்டினால் பாரதிய நியாய சன்ஹிதா 127-ஆம் பிரிவின்கீழ் குற்றம்தான். பூட்டினவர் வேதம் படித்தவர் என்பதோ, சாவியைக் கொடுத்தது பெற்ற அப்பா என்பதோ அதை மாற்றாது.

இனி வேதத்துக்கு வருகிறேன். நம் மாவட்டத்தில் ஏறக்குறையப் பாதிப்பேர் கிறிஸ்தவர்கள், இங்கே இதைத் தொடாமல் பேச்சு முடியாது. சோதோம் கொமோரா என்ற இரண்டு ஊர்ப் பெயர்களைச் சொல்லி நம் கன்வென்ஷன் மேடைகளில் எத்தனை பிள்ளைகளைக் கூனிக் குறுக வைத்திருக்கிறோம். அந்தப் பிள்ளை கூட்டத்தில் ஆறாவது வரிசையில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். எசேக்கியேல் 16-ஆம் அதிகாரத்தை ஒரு தடவை எடுத்து வாசித்துப் பாருங்கள். சோதோமின் அக்கிரமம் என்று தீர்க்கதரிசி முதலில் எண்ணுவது, வயிறு நிறையத் தின்றுகொண்டு, கர்வத்தோடு, ஏழை எளியவரின் கையைப் பிடிக்காமல் இருந்ததை. கத்தோலிக்க மறைக்கல்வி ஒருபால் உறவை ஏற்கவில்லை, அதை ஒளிக்க வேண்டியதில்லை. ஆனால் அதே நூலின் 2358-ஆம் எண், இந்த ஈர்ப்புள்ளவர்களை மதிப்போடும் பரிவோடும் ஏற்க வேண்டும், அநியாயமாகப் பாகுபடுத்தும் எந்த அடையாளமும் இருக்கக் கூடாது என்கிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2023 ஜனவரியில், தன்பால் ஈர்ப்புள்ளவராக இருப்பது குற்றமல்ல என்று பேட்டியில் சொன்னார். பாவம் எது என்பதில் உங்களுக்கும் எனக்கும் கருத்து வேறுபடலாம். பிள்ளையைப் பூட்டலாம் என்று எந்தத் திருச்சபையும் போதிக்கவில்லை.

‘ஜெபத்தால் மாறிவிட்டேன்’ என்று சாட்சி சொல்லும் அமெரிக்க வீடியோக்களைத் தமிழில் குரல் கொடுத்து அனுப்புகிறார்கள், உங்கள் போனுக்கும் வந்திருக்கும். அந்த ஊரில் இதற்கென்றே 1976-ல் தொடங்கிய பெரிய ஊழியம் எக்ஸோடஸ் இன்டர்நேஷனல். 2013 ஜூனில் அதன் தலைவர் ஆலன் சேம்பர்ஸ், தாங்கள் உண்டாக்கிய காயங்களுக்காக மன்னிப்புக் கேட்டார். ஊழியமும் இழுத்து மூடப்பட்டது. 37 வருஷம் முயன்று பார்த்தவர்களே கைவிட்ட சரக்கு இது. மூடிய கடையின் சரக்கு இன்றைக்கும் நம் தெருவில் விலை போகிறது.

நாஞ்சில் மண்ணில் பிறந்தவர்களுக்கு, ஆசாரம் என்றும் தருமம் என்றும் பெயர் சொல்லி மனுஷரை மானபங்கப்படுத்துவது எப்படியிருக்கும் என்று வெளியூர்க்காரர் வந்து விளக்க வேண்டியதில்லை. நம் பாட்டிகளின் பாட்டிகள் மேல்சீலை போட்டதற்காக, அது தெருவில் கிழித்தெறியப்பட்டது. 1859 ஜூலை 26 அன்று திருவிதாங்கூர் அரசர் உத்தரவு போடும்வரை அந்த உரிமைக்கான போராட்டம் பல பத்தாண்டுகள் ஓடியது. கிழித்தவர்களும் சாஸ்திரத்தைத்தான் காட்டினார்கள். சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர், தலைகுனிந்து நடக்கப் பழக்கப்பட்டவர்களைத் தலைப்பாகை கட்டி வரச் சொன்னார், கண்ணாடிமுன் நிறுத்தி உனக்குள்தான் கடவுள் என்று காட்டினார். நட்டாலத்தில் பிறந்த தேவசகாயத்தை எருமைமேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய் அவமானப்படுத்தி, 1752-ல் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15 அன்று வத்திக்கானில் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டபோது நாம் வெடி போட்டுக் கொண்டாடினோம். இந்த மூன்று வரலாற்றையும் பெருமையாகப் பேசிக்கொண்டு, சொந்த வீட்டுப் பிள்ளையை ஊர்முன் நிறுத்தி அவமானப்படுத்த நமக்கு எப்படி மனசு வருகிறது?

இன்னொரு பெரிய ஆபத்து, கல்யாணம். “ஒரு பெண்ணைக் கட்டி வச்சா எல்லாம் சரியாயிரும்” என்று சொல்லாத சொந்தக்காரர் உண்டா? சரியாகாது. பாழாவது இரண்டு வாழ்க்கை. பவுன் கணக்கில் நகை போட்டு, கடன் வாங்கிச் சீதனம் கொடுத்து, மூன்று ஞாயிறு ஓலை வாசித்து அனுப்பப்படுகிற அந்தப் பெண் செய்த தப்பு என்ன? கணவன் தன்னைத் தொடாததற்குக் காரணம் தன் நிறமோ, தன் உடம்போ என்று வருஷக்கணக்கில் அவள் தன்னையே நொந்துகொண்டிருப்பாள். கடைசியில் மலடி என்ற பெயரும் அவளுக்கே. பலவந்தத்தாலும் கடும் அச்சத்தாலும் நடந்த திருமணம் செல்லாது என்று கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 1103-ஆம் விதி சொல்கிறது. மகனை மிரட்டிப் பீடத்தின் முன் நிறுத்துகிற பெற்றோர், அந்தப் பீடத்தின் சட்டத்தையே மீறுகிறார்கள். பெண்ணைப் பெற்றவர்களும் உஷாராக இருங்கள். மாப்பிள்ளை முகத்தில் ஒரு சந்தோஷமும் இல்லாமல், அவசர அவசரமாகத் தேதி குறிக்கப்படுகிறது என்றால், பையனிடம் தனியாகப் பேசப் பெண்ணை அனுமதியுங்கள்.

இதை வாசிக்கிற தம்பிக்கும் தங்கைக்கும் சில வார்த்தைகள். வீட்டில் சொல்லியே ஆக வேண்டும் என்று யாரும் உன்னை நெருக்க விடாதே. எப்போது, யாரிடம் என்பதை நீயே முடிவு செய். ஆதாரும் சான்றிதழ்களும் உன் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும், நகல் ஒன்று நம்பகமான தோழியிடமோ தோழனிடமோ இருக்கட்டும். உன்னை எங்காவது கொண்டுபோகிறார்கள் என்று தெரிந்தால் அந்த ஆளுக்கு ஊர்ப் பெயரை அனுப்பு. நமக்கு மதுரைக் கிளைதான் உயர்நீதிமன்றம். ஆட்கொணர்வு மனுவை உன் நண்பரே போடலாம், ரத்த சொந்தம் வேண்டியதில்லை. இலவச சட்ட உதவிக்கு எண் 15100. அவசரத்துக்கு 112. பெண் என்றால் 181. பதினெட்டு ஆகவில்லை என்றால் 1098.

செயலிகளில் பழகி, தனி இடத்துக்கு வரவழைத்து, வீடியோ எடுத்து, உன் வீட்டுக்கும் சபைக்கும் அனுப்புவோம் என்று மிரட்டிப் பணம் பறிக்கிற கும்பல்களிடமும் கவனமாக இரு. ஒரு தடவை கொடுத்தால் நிறுத்த மாட்டார்கள். ஆதாரத்தை அழிக்காமல் வைத்துக்கொண்டு 1930-க்குச் சொல். மனமொத்த வயது வந்தவர்களின் உறவு குற்றமில்லை என்று 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது. ஆகவே போலீசுக்குப் போனால் உள்ளே தள்ளப்படுவது நீதான் என்று அவர்கள் சொல்வது பொய்.

வாழப் பிடிக்கவில்லை என்று தோன்றுகிற இரவில் 14416-ஐ அழை. டெலி மானஸ், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது, எந்நேரமும் எடுப்பார்கள். சென்னை சிநேகாவின் எண் 044-24640050. ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் போகலாம். அங்கே போய் ‘என்னை மாற்று’ என்று கேட்காதே, ‘எனக்குப் பயமாக இருக்கிறது’ என்று சொல்.

ஐயரவர்களே, ஃபாதர், பாஸ்டர்: உங்களிடம் ஒரு தாய் கண்ணீரோடு வந்தால், அவள் கேட்பது பிள்ளையை மாற்றும் மந்திரத்தை என்று தோன்றும். அவள் உண்மையில் பயப்படுவது உங்கள் சபையாருக்கு. “உன் பிள்ளைக்கு இங்கே எப்போதும் இடம் உண்டு, ஒருத்தரும் ஒன்றும் சொல்ல விடமாட்டேன்” என்று நீங்கள் ஒரு வாக்கியம் சொன்னால், அவள் அந்த மையத்துக்கு வண்டி பிடிக்க மாட்டாள். தூத்தூர் முதல் ஆரல்வாய்மொழி வரை உங்கள் வார்த்தைக்கு இருக்கிற மதிப்பு கலெக்டர் வார்த்தைக்குக்கூட இல்லை. அந்தப் பிள்ளையைப் பாடகர் குழுவிலிருந்து நீக்காதீர்கள், ஓய்வுநாள் பள்ளி வாத்தியார் வேலையை நிறுத்தாதீர்கள்.

ஏற்கெனவே பிள்ளையைக் கொண்டுவிட்டு வந்துவிட்ட பெற்றோர் யாராவது இதை வாசித்தால், நாளைக்கு என்று தள்ளாதீர்கள். இன்றைக்கே கிளம்புங்கள். நாள் முடியவில்லை, இப்போது எடுத்தால் ஆவி ஏழு மடங்காகத் திரும்பி வரும் என்று பயமுறுத்துவார்கள். கட்டிய முன்பணம் கிடைக்காது என்பார்கள். போகட்டும். உள்ளே விட மறுத்தால் வாசலில் நின்றே 112-க்கு போன் போடுங்கள். வெளியே வந்த பிள்ளையை வண்டியில் ஏற்றியதும் அறிவுரை எதுவும் வேண்டாம். சாப்பிட்டியா மக்களே என்று கேளுங்கள், வழியில் நல்ல கடையாகப் பார்த்து நிறுத்துங்கள்.